நூற்றுப் பன்னிரண்டு

பாமன்கடைச் சந்தியில் வளைந்து
கால்வாய்ப் பாலம் வரை
மூன்றாம் நாளும் கிடந்தது எங்கள் வரிசை.
கப்பல் வந்துவிட்டது என்றார்கள்.
கப்பலுக்குக் காசு கட்டவில்லை என்றார்கள்.
நிஸ்தார் நானாவின் ஓட்டோவுக்குப் பின்னால் என் ஸ்கூட்டர்.
முழங்கைக்குக் கீழே நீல மார்க்கரில்
நூற்றுப் பன்னிரண்டு.
வீட்டுக்கு ஓடிக் குளித்தபோது
அந்தக் கையை மட்டும் நனையவிடவில்லை.

கொப்பி பிரசங்கவிடம்.
பெயர், வாகன இலக்கம், வந்த நேரம்.
பெயர்ப்பட்டியல் ஒன்று ஒருவன் கையில் இருந்தால்
இந்த ஊரில் என் வயதுக்காரருக்கு
வயிறு ஒருமுறை பிசையும்.
அவனோ என் பெயரைப் பிழையில்லாமல் எழுத
மூன்று தரம் கேட்டான்.
ஞான... சொரூ...
கடைசியில் 'டீச்சர்' என்று எழுதிச் சிரித்தான்.

முதல் இரவு யாரும் யாரோடும் பேசவில்லை.
இரண்டாம் இரவு மழை.
சப்ரின் தன் வேனின் பின்கதவைத் திறந்து
பிள்ளைத்தாய்ச்சி மல்காந்தியைப் படுக்கவைத்தான்.
விடியப்புறம் நானாவுக்குச் சீனி இறங்கிவிட்டது.
எங்கேயோ முன்னாலிருந்து ஒரு மாலு பாண்
பதினொரு வாகனம் தாண்டிக்
கைமாறிக் கைமாறி வந்தது.
எல்லோருக்கும் பசி.
ஒருவரும் கடிக்கவில்லை.

என் மடியில் உயர்தர விலங்கியல் விடைத்தாள்கள்.
ஐந்தாம் வினா:
தனக்கு நட்டம் வந்தாலும் பிறருக்கு உதவும் பண்பு
கூர்ப்பில் எவ்வாறு நிலைத்தது? எட்டுப் புள்ளி.
மற்றவர்கள் பக்கம் பக்கமாய்
தேனீ, எறும்பு, இரத்த உறவு என்று எழுதியிருக்க
அபிராஜ் ஒற்றை வரி:
'பக்கத்துக் குகையிலும் ஆட்கள் இருந்தபடியால்.'
இரண்டு போட்டேன்.
விளக்கம் போதாது.

மதிலுக்கு மேலே மாமரத்தில் முசுறுகள்.
ஒன்றின் வாயிலிருந்து மற்றது வாங்கிக் குடித்தது.
வேறு கூட்டு வாசத்தோடு வழிதவறி வந்த ஒன்றை
ஆளுக்கொரு காலாய்ப் பிடித்து
ஆறு பக்கமும் இழுத்தன.
நிதானமாய். கோபம் மாதிரியே இல்லை.

கிருலப்பனைப் பக்கமிருந்து வந்த
மோட்டார் சைக்கிள் வரிசைக்கு
காலை வரை பெயர் இல்லை.
பவுசர் அவர்களின் பக்கமாய்த் திரும்பியது.
பதினொரு மணிக்கு அது 'அவங்கள்' ஆயிற்று,
மூன்று மொழியிலும்.
நேற்றுப் பிறந்த எங்கள் இனத்துக்கு
அதற்குள் ஒரு வரலாறு இருந்தது:
மழை, பாண், நானாவின் மயக்கம்.
அதற்காகத்தான் கத்தினோம்.
வேறு எதற்காகவும் அவ்வளவு உரக்கக் கத்தியிருக்க மாட்டோம்.

என் கையில் ஒரு கல் இருந்தது.
யார் தந்தது?
பாலத்தடியில் குவித்திருந்த வீதிவேலைக் கல்.
மாலு பாண் வந்த அதே வழியால்
கைமாறிக் கைமாறி வந்தது.
ஒருவரும் அதையும்
தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை.
நான் எறியவில்லை.
முன்னால் நீட்டினேன்.
நானா வாங்கிக்கொண்டார்.
நான் செய்தது அவ்வளவுதான்.

ஹெல்மெட்டைக் கழற்றி வைத்திருந்த பெடியன்
நெற்றியைப் பொத்திக்கொண்டு குந்தினான்.
இருபது வயதிருக்கும்.
இரண்டு வரிசைக்கும் நடுவில்
வெயில் மட்டும் நின்றது.
மல்காந்தி வேனிலிருந்து இறங்கினாள்.
ஒரு கை வயிற்றில், மறு கையில் தண்ணீர்ப் போத்தல்.
வீதியைக் கடந்து போனாள்.
ஒருவரும் தடுக்கவில்லை.
பிரசங்க கொப்பியைத் திறந்தான்.
எழுபத்தெட்டு.
ஒரு கோடு.

பவுசர் ஒரு துளியும் இறக்காமல் போயிற்று.

இரவு, கைத்தொலைபேசி வெளிச்சத்தில்
அபிராஜின் தாளைத் தேடி எடுத்தேன்.
இரண்டை வெட்டி ஆறு போட்டேன்.
மீதி எங்கே என்று வந்து கேட்பான்.
போத்தலோடு கடந்தவள் பற்றி
அவன் எழுதவில்லை.
நானும் அதற்கு
விடைக்குறிப்பு வைத்திருக்கவில்லை.

முழங்கையில் இலக்கம் மங்கத் தொடங்கியிருந்தது.
நாளைக்கு நிச்சயம் வரும் என்றார்கள்.
பிரசங்கவிடம் மார்க்கரை வாங்கி
அதன் மேலேயே
இன்னொரு தரம் எழுதிக்கொண்டேன்.